வீட்டுக்கு ஒரு சீட்டு

புத்தகத்தைக் கத்தியால் வெட்டுகிற குடும்பம் என்று அந்தப் புத்தகக் கடையில் அவர்களுக்குப் பெயர். கேட்டால் ஏதோ கொலைகாரக் கும்பல் மாதிரி இருக்கும். குடும்பம் என்றால் மொத்தம் இரண்டே பேர்தான், ஒரு மாமனாரும் ஒரு மருமகளும். மாமனார் லிஃப்ட் மெக்கானிக். மருமகள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டவர்களை அதட்டி உருட்டி மறுபடி நடக்க வைப்பவள். இருவருக்கும் நடுவில் மகன் ஒருவன் இருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கொட்டாவி விடுகிற ரகம். அதனால் கடையில் யாரும் அவனைக் குடும்பக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெட்டுவதற்குக் காரணம் இருந்தது. இருவரும் படிப்பதெல்லாம் மாயாஜாலக் கதைகளும் அறிவியல் கதைகளும். அந்த வகையில் எழுதுகிறவர்களுக்குச் சுருக்கமாக எழுத வராது. புது உலகம் ஒன்றையே படைக்கிறேன் என்று உட்கார்ந்த ஆள் தலையணை கனத்துக்குக் குறைந்து எழுந்திருப்பாரா? அப்படியொரு புத்தகம் வீட்டுக்குள் வந்துவிட்டால் இருவருக்கும் பொறுக்காது. மருமகள் டியூட்டி முடிந்து வருவதற்குள் மாமனார் எடுத்து வைத்துக்கொள்வார். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவள் உருவிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் டிராகன் ஒன்று வாயைத் திறக்கிற கட்டத்தில் புத்தகம் கைமாறிப்போக, மாமனார் டூல் பாக்ஸிலிருந்து கேபிள் உரிக்கிற கத்தியை எடுத்துவந்தார். ஒரு அத்தியாயம் முடிகிற இடம் பார்த்து, முதுகில் வைத்து ஒரே இழு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. வெட்டிய முதுகுகளில் பசை தடவி டேப் ஒட்டி, இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். மருமகள் வேகமாகப் படிப்பவள், அதனால் முன்பாதி முதலில் அவளுக்கு. அவள் முடித்ததும் முன்பாதியை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் பின்பாதியை எடுத்துக்கொள்வாள். அதுவரை பின்பாதி ஃப்ரிட்ஜின் மேல் காத்திருக்கும். விஷயம் தெரிந்தபோது புத்தகக் கடைக்காரம்மா பச்சைக் குழந்தையைக் கிள்ளியவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உங்களுக்கு இனிமே புத்தகம் கிடையாது, கிளம்புங்க" என்று வாசலைக் காட்டினார். வியாபாரம் என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கோபம் அடுத்த வாரம் தணிந்தது.

மாமனார் ஒன்றும் பிறவிப் படிப்பாளி அல்ல. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வீட்டில் அவர் பேசியதெல்லாம் "வந்தாச்சா", "சாப்பிட்டாச்சா", "லைட்டை அணை" அவ்வளவுதான். மகனும் அதே அச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் ஹாலில் ஒரு தடிப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அட்டையில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு கோபுரம். மாடிக்கு ஒரு ராஜா, மாடிக்கு ஒரு பருவகாலம் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. இத்தனை மாடிக்கு லிஃப்ட் வைத்தானா இல்லையா என்று பார்க்கத்தான் மாமனார் அதைக் கையில் எடுத்தார். தேடினார், தேடினார், கடைசிப் பக்கம் வரை தேடினார். லிஃப்ட் இல்லை. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்னம்மா இது அநியாயம்? கர்ப்பிணிப் பொண்ணை மாடி மாடியா ஏற விடறான்?" என்று சண்டைக்குப் போனார். "படிகளே அவளுக்கு வழிவிட்டு இறங்கி வருதே மாமா, அந்த இடத்தைத் தாண்டிட்டீங்களா?" என்றாள். தாண்டியிருந்தார். திரும்பப் போய்ப் படித்தார். அவள் சொன்னதுதான் சரி. தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடையில் ஒரு கூட்டம் நடக்கும். வாசகர்கள் அந்த வருடம் தங்களுக்கு மிகவும் பிடித்த மாயாஜாலக் கதையையோ அறிவியல் கதையையோ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஏன் பிடித்தது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதிகச் சீட்டு விழுந்த புத்தகம் அடுத்த மாதம் முழுக்கக் கடைக் கண்ணாடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு விதி: வீட்டுக்கு ஒரு சீட்டுதான். முன்பொரு முறை சொந்தபந்தம், கொண்டான் கொடுத்தான் எல்லோரையும் திரட்டிக்கொண்டு வந்த ஒருவர், தன் சித்தப்பா எழுதிய புத்தகத்தை ஜெயிக்க வைத்துவிட்டுப் போனார். சித்தப்பா ஒரு மாதம் கண்ணாடியில் இருந்தார், ஒரு பிரதிகூட விற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த விதி அது.

ஒரே சீட்டு என்பதால் வருடக் கடைசி முழுக்க மாமனாருக்கும் மருமகளுக்கும் மல்லுக்கட்டு நடக்கும். இவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, குக்கர் விசிலுக்கு மேல் குரல் எழும்பும். மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாப்பிடுவான். "அந்த ரோபோவுக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னே தெரியலை, அதுக்குப் போய் சீட்டா?" "தெரியாம விட்டதுதான் மாமா அழகு." "அழகாவது ஒண்ணாவது, எழுதறவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்." இப்படியே போய், கடையின் வாசலில் நின்றுகூட முடிவாகாமல், சீட்டில் பெயரை எழுதும்போது ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்ட வருடங்களும் உண்டு.

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள். யார்மேல் தப்பு என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அடிதடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. இரண்டு நல்லவர்கள் ஒரு வீட்டில் இருந்து ஒருவரையொருவர் களைத்துப்போகச் செய்தார்கள், அவ்வளவுதான். அந்த நாட்களின் கடைசிச் சண்டை ஒன்றில் மகன் அப்பாவின் பக்கம் திரும்பி, "இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி. நான் வாடகைக்கு இருக்கிறவன். அப்படித்தானே?" என்று கேட்டான். கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் அது மாமனாரின் நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது. ஃப்ரிட்ஜின் மேல் இருந்த புத்தகத்தையும் மகனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவனுக்குக் கிடைக்க வேண்டிய பேச்சையெல்லாம் தான் வாங்கிக்கொண்டோமோ என்று அன்றைக்குத் தோன்றியது. பிறகு அந்த எண்ணம் போகவே இல்லை.

அவள் கிளம்பிய நாளில் அவளுடைய புத்தகங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தது மாமனார்தான். அப்போது அவர்கள் வெட்டி வைத்திருந்த புத்தகம் 'உப்புக் கடலின் மாலுமி'. வற்றிப்போன ஒரு கடல், அதன் உப்புத் தரையில் சக்கரம் வைத்து ஓடும் கப்பல், அதை ஓட்டும் ஒரு பெண் மாலுமி. முன்பாதியை மருமகள் முடித்துவிட்டாள். அதை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் பின்பாதியை அவள் எடுத்துப் போக வேண்டியது. மாமனாருக்கு அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியாமல், ஒரு பாதியைப் பெட்டியில் வைத்து ஒரு பாதியை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். அவள் பெட்டிகளோடு போன பிறகு, மூக்கைச் சிந்திவிட்டுக் கையில் எடுத்துப் பார்த்தால், பின்பாதி.

ஆக, அவளிடம் இருந்தது அவள் படித்து முடித்த பாதி. இவரிடம் இருந்தது தலையும் புரியாத வாலும் புரியாத பாதி. ஒரு போன் அடித்தால் தீர்கிற விஷயம். அவர் அடிக்கவில்லை. அடித்தால் மகன் என்ன நினைப்பான் என்பது ஒரு பக்கம். அடித்து அவள் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம், உண்மையில் பெரிய பக்கம். பின்பாதி வேண்டுமென்றால் அவளே கேட்பாள் என்று காத்திருந்தார். அவளும் கேட்கவில்லை. இந்த வீட்டுச் சமாச்சாரம் எதுவும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாள் போல என்று எண்ணிக்கொண்டார்.

கடைக்குப் போய்ப் புதுப் பிரதி வாங்கியிருக்கலாம். போனார் கூட. அலமாரியிலிருந்து எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். முழுப் புத்தகம் வாங்கினால் அவள் இனி வரமாட்டாள் என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடைசியில் பொறுக்க முடியாமல் பின்பாதியை அப்படியே படிக்கத் தொடங்கினார். யார் யாருக்கு என்ன உறவு, எதற்குச் சண்டை, ஒன்றும் தெரியாது. துரை என்று ஒருவன் செத்துப்போய்விட்டான் என்று மட்டும் தெரிந்தது. மாலுமி அவனை நினைத்து நினைத்து அழுகிறாள். அவன் இல்லாத கப்பலில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய தம்பியாக இருக்கும் என்று மாமனார் தானே முடிவு கட்டிக்கொண்டார். அந்தத் தம்பிக்கு ஒரு முகம் கொடுத்து, குறும்பு கொடுத்து, முன்பாதி முழுவதையும் தன் மனதிலேயே எழுதி முடித்தார். வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது துரையை நினைத்து அவருக்கும் கண் கலங்கியது.

வேறு நல்ல புத்தகங்களும் அந்த வருடம் வந்திருந்தன. நிழல்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்து, இனி மனிதர்கள் பின்னால் நடக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்யும் 'நிழல் சங்கம்'. நிலாவில் இன்னும் பிறக்காதவர்களுக்கு வரும் பொட்டலங்களைப் பாதுகாத்து வைக்கும் ஒரு தபால்காரியின் கதை. மறதியை விலைக்கு வாங்கும் சந்தை ஒன்றின் கதை. எல்லாவற்றையும் வாங்கினார், ஒன்றையும் வெட்டவில்லை. படித்து முடித்ததும் வாய் தானாகத் திறக்கும், "ஏம்மா, இதைப் பாத்தியா" என்று. ஹாலில் யாரும் இருக்க மாட்டார்கள். மகன் வந்தால், "வந்தாச்சா" என்பார். "ம்" என்பான். "சாப்பிட்டாச்சா" என்பார். வீடு பழையபடி ஆகிவிட்டது.

கடைசி ஞாயிறு வந்தது. போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து மாமனார் சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அவள் வருவாளா என்று தெரியாது. வந்தால் முகம் கொடுப்பாளா என்று தெரியாது. கடைசியில் மகனிடம், "கண்ணாடி ஃப்ரேம் லூசா இருக்குப்பா, கடைத்தெருவுல விடறியா?" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடை புத்தகக் கடைக்கு அடுத்த கதவு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொன்ன பொய்யில் ஒரு ஓட்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடை திறப்பதில்லை.

மகன் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்தான். கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. கடைத்தெரு நெருங்க நெருங்க மாமனாரின் கால் தானாக அதை அழுத்தியது. கார் நடுரோட்டில் நொண்டியடித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனால் திட்டினார்கள்.

"அப்பா, கால எடுங்க."

"எடுத்துட்டேன்."

"எடுக்கலை. இன்னும் அழுத்திக்கிட்டுதான் இருக்கீங்க."

"இந்த பிரேக்கை யாரு இங்க வெச்சது?"

"உங்கள மாதிரி ஆளு ஓட்டும்போது நான் அழுத்த வெச்சதுப்பா." மகன் பாதையிலேயே கண்ணை வைத்திருந்தான். கடை வாசலில் நிறுத்தியதும், "எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

"நாலு மணி வாக்குல. ஃப்ரேம்தானே, ஆகும் கொஞ்சம்" என்று மென்று விழுங்கிவிட்டு மாமனார் இறங்கிக்கொண்டார்.

கடையின் உள்ளே நடு அலமாரிகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கமான முகங்கள்தான். எந்தக் கதையைச் சொன்னாலும் "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்கிற பல் டாக்டர், டிராகன் இல்லாத புத்தகத்தைத் தொடாத பேக்கரிக்காரர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்துவிடும் இரட்டைச் சகோதரிகள். மாமனார் கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார். பிறகு அது உரிமை கொண்டாடுவதுபோல் இருக்கிறது என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாசலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்கிவிட்டது. டிராகனுக்காக பேக்கரிக்காரர் உருகிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்க வேண்டும், சட்டையில் பெயர்ப்பட்டை இன்னும் குத்தியிருந்தது. மாமனாரைப் பார்த்ததும் நின்றாள். பிறகு வந்து, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன்மா. நீ?"

"இருக்கேன்."

அதற்கு மேல் இருவருக்கும் ஓடவில்லை. வருடக்கணக்காகக் கத்திப் பேசியவர்கள் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த அந்நியர்கள் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரம்மா சீட்டுக் கட்டோடு வரிசையாக வந்தார். இவர்கள் அருகில் வந்ததும் தயங்கினார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நல்ல மனுஷிதான். ஆனால் மெதுவாகப் பேச அவருக்கு வராது. "ஒண்ணு தரவா, ரெண்டு தரவா?" என்று கேட்டுவிட்டார். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

மாமனார் தரையைப் பார்த்தார். ஒன்று என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொல்ல அவருக்கு என்ன உரிமை?

"ரெண்டு குடுங்க" என்றாள் மருமகள்.

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். சரிதான். இரண்டு வீடு, இரண்டு சீட்டு. விதி விதிதான். நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டு, "உனக்குன்னு தனியா ஒண்ணு கிடைச்சா நல்லா இருக்கும்னு வருஷா வருஷம் சொல்லுவியே. கிடைச்சிருச்சு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே கோணிக்கொண்டது.

அவள் பேனாவைத் திறந்து மூடினாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மாமனார் வாயைத் திறந்தார். "உப்புக் கடலோட பின்பாதி என்கிட்டதான் இருக்கும்மா."

"தெரியும் மாமா."

"உனக்கு வெக்க வேண்டியது. மாத்தி வெச்சுட்டேன்."

அவள் திரும்பினாள். "மாத்தி வெச்சீங்களா?"

"பின்னே? கண்ணு ரெண்டும் குளமா இருக்கு, எது முன்னாடி எது பின்னாடின்னு யாருக்குத் தெரிஞ்சுது? ஏதோ ஒண்ணைப் பெட்டிக்குள்ள போட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்னென்னவோ நினைச்சேன். பெட்டியைத் திறந்தா நான் படிச்சு முடிச்ச பாதி மேலேயே இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லாம வெச்சிருக்கீங்க. இதுவரைக்கும் படிச்சது போதும்மா, மிச்சம் எங்க வீட்டோடதுன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"அட பைத்தியக்காரி!" மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு ஒண்ணு சொல்லணும்னா வாயால சொல்லத் தெரியும். அப்படியெல்லாம் சூசகமா சொல்ல நான் என்ன கதையில வர்ற மந்திரவாதியா?"

"கதையா படிச்சுப் படிச்சுக் கெட்டுப்போனவ நான். எல்லாத்துக்கும் அர்த்தம் தேடிட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீ பண்ணியிருக்கலாம்ல?"

"நான் எந்த முகத்தோட பண்றது? உங்க பையனை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவ."

முன்னால் பல் டாக்டர் எழுந்து ஏதோ பேசத் தொடங்கியிருந்தார். மாமனார் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவருக்குப் பட்டது. "எனக்கு முடியலைம்மா" என்றார். "படிக்கிறேன். நல்லாத்தான் இருக்கு. யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட பேச வேண்டியதெல்லாம் வாய் வரைக்கும் வந்து அங்கேயே நின்னு போயிடுது. அவன் என் பிள்ளை, அவனை விட்டுக்கொடுக்க முடியாது. அதுக்காக நீ எனக்கு இல்லைன்னு ஆயிடணுமா? அதுதான் எனக்குப் புரியலை."

அவள் இடையிலிருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நோயாளிகளைத் தூக்கி நிறுத்திப் பழகிய கை, பிடி இரும்பாக இருந்தது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப பின்பாதியை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டாள்.

"படிச்சேன். முன்னாடி நடந்ததை நானே கட்டிக்கிட்டேன். அந்தத் துரை செத்ததுதான்மா தாங்கலை. சின்னப் பையன். அக்காவுக்காக உயிரையே குடுத்திருக்கான் பாரு."

மருமகள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "எந்தத் துரை?"

"மாலுமியோட தம்பி."

"மாமா, துரை ஆடு."

"என்னது?"

"கப்பல்ல வளர்க்கிற ஆடு மாமா. கொம்பு ஒடிஞ்ச கிடா. முதல் அத்தியாயத்துல அவ தொப்பியைத் தின்னுட்டு உதை வாங்கும்."

மாதக்கணக்காக லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து அவர் விட்ட கண்ணீர் எல்லாம் ஒரு கிடாவுக்கா? மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்காமல் விக்கலில் போய் நின்றது. இரட்டைச் சகோதரிகள் திரும்பி முறைத்தார்கள். அவரும் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ஆடோ மாடோ, இந்த வருஷம் என் சீட்டு உப்புக் கடலுக்குத்தான்" என்றார்.

"நல்லா இருக்கே! பாதி படிச்ச புத்தகத்துக்கா? அதுவும் ஆட்டைத் தம்பின்னு நினைச்சு அழுதுட்டு?"

"என்னை அழ வெச்சுதா இல்லையா? வேற எது வெச்சுது? நீ எதை எழுதப்போற?"

"நிழல் சங்கம்."

"அதுவா! ஆரம்பம் என்னவோ நல்லாத்தான் இருந்தது. வேலைநிறுத்தம் முடிஞ்சதும் தூங்கி வழியுதே. கடைசியில எல்லா நிழலும் மன்னிப்புக் கேட்டுட்டுக் காலடிக்குத் திரும்புது. அப்ப எதுக்குச் சங்கம்?"

"அவங்க திரும்பலை மாமா. மனுஷங்கதான் நிழல் பின்னாடி நடக்க ஆரம்பிக்கிறாங்க. நீங்க படிச்ச லட்சணம் அவ்வளவுதான். என் சீட்டு, என் இஷ்டம்."

"என் மருமக ஒரு சொத்தைப் புத்தகத்துக்குச் சீட்டு எழுதினா எனக்குத்தானே அவமானம்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மருமகள் என்ற சொல் இப்போது சரியா தப்பா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திருத்தவில்லை. பேனாவைத் திறந்து, அவர் தட்டிவிடாதபடி சீட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் வாசலில் மகன் நிற்பதை மாமனார் பார்த்தார். மணி நாலு ஆகவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. மாமனார் பிடிபட்ட பையன் மாதிரி எழுந்து நின்றார். அவள் கையை விடுவதா பிடித்துக்கொண்டிருப்பதா என்று தெரியாமல் பாதி விட்டார்.

மகன் அருகில் வந்தான். "கண்ணாடிக் கடை பூட்டியிருக்குப்பா."

"ஆமாம்ப்பா. ஞாயித்துக்கிழமை. மறந்துட்டேன்."

மகன் அவளைப் பார்த்தான். "எப்படி இருக்கே?"

"இருக்கேன். நீ?"

"ம்."

கடைக்காரம்மாவே கப்சிப். மாமனார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது, இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். "போலாம்ப்பா. முடிஞ்சுது" என்றார்.

மகன் அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அவள் கையிலிருந்ததையும் பார்த்தான். இரண்டும் வெள்ளையாக இருந்தன. "ஒண்ணும் எழுதலையே இன்னும்" என்றான். சுவரோரம் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மாமனார் மெல்ல உட்கார்ந்தார். மருமகள் குரலைத் தாழ்த்தி, "சரி, அந்த நிலா தபால்காரி கதைக்காவது போடுங்களேன்" என்றாள். அவரும் குரலைத் தாழ்த்தி, "அதுல நடுப்பகுதி கொஞ்சம் இழுவை" என்றார். நோயாளி தூங்கும் அறையில் பேசுகிறவர்கள் போல, ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து மெதுவாக வைத்தார்கள். அவனுக்குக் கேட்கக் கூடாது, அவன் மனம் நோகக் கூடாது என்று இருவருக்கும் ஒரே பயம்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மகன் முன்னால் குனிந்தான்.

"என்னப்பா இது, குசுகுசுன்னு? சத்தமாவே சண்டை போடுங்க" என்றான். கட்டியிருந்த கையைப் பிரித்தான். "அந்தச் சத்தம் இல்லாம எனக்கும் வீடு என்னமோ மாதிரிதான் இருக்கு."

மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிழல் சங்கம் ஒரு சொத்தைப் புத்தகம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.